உயிரியலுக்குக் கணக்கு எதற்கு?

"கணக்கு வராது; அதனால் உயிரியல் எடுத்துக்கொண்டேன்" என்று மாணவர் பலர் சொல்லக் கேட்கிறோம். நீங்களும் அவ்வாறு எண்ணியிருக்கலாம். அது தவறு என்பது என் கருத்து. நம் குடலில் வாழும் எஷரிச்சியா கோலை என்ற பாக்டீரியத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1940-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஜாக் மோனோ அதற்குக் குளூக்கோஸ், லாக்டோஸ் ஆகிய இரு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தார். குளூக்கோஸ் முதலில் தீர்ந்தது. சற்று நேரம் வளர்ச்சி நின்றது. பிறகுதான் லாக்டோஸில் கை வைத்தது அந்தப் பாக்டீரியம்! லாக்டோஸைப் பயன்படுத்தும் புரதங்களுக்கான ஜீன்களைப் படியெடுக்க விடாமல் ஓர் அடக்கிப் புரதம் தடுக்கிறது. லாக்டோஸ் செல்லுக்குள் வந்தால் தடை விலகுகிறது. மோனோவும் பிரான்சுவா ஜாக்கோப்பும் 1961-இல் இதை விளக்கினர். 1965-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இதுவரை கணக்கு தேவைப்படவில்லைதான். ஆனால் 1957-இலேயே நோவிக், வீனர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு புதிரைக் கண்டிருந்தனர். லாக்டோஸை ஒத்த, ஆனால் செரிக்க முடியாத ஒரு பொருளைக் குறைந்த அளவில் கொடுத்தபோது, எல்லாச் செல்களும் கொஞ்சம் கொஞ்சம் நொதி தயாரிக்கவில்லை. சில முழுவீச்சில் தயாரித்தன. மற்றவை ஏறக்குறைய சும்மா இருந்தன. ஒரே மரபு, ஒரே உணவு, இருவகை நடத்தை!

அந்த ஜீன்களில் ஒன்று, சர்க்கரையை உள்ளே கொண்டுவரும் பெர்மியேஸ் என்ற புரதத்துக்கானது. பெர்மியேஸ் கூடினால் அப்பொருள் அதிகம் நுழையும். அது நுழைந்தால் பெர்மியேஸ் மேலும் கூடும். சரி, இது எங்கே போய் நிற்கும்? வாய்ச்சொல்லால் விடை கிடைக்காது.

வரைபடத்தாளை எடுங்கள். கிடையச்சில் பெர்மியேஸின் அளவு; செங்குத்தச்சில் வேகம். செல் வளர்ந்து பிளவுபடுவதால் பெர்மியேஸ் குறையும் வேகம் ஒரு நேர்கோடு. உற்பத்தி வேகமோ முதலில் மெல்ல ஏறி, பிறகு செங்குத்தாக எழுந்து, கடைசியில் படுத்துவிடும் வளைகோடு. இரண்டும் மூன்று இடங்களில் வெட்டலாம். இரு ஓரப்புள்ளிகளில்தான் செல் நிலைத்திருக்கும். இருவகை நடத்தைக்குக் காரணம் புரிகிறதா?

கணக்கு இன்னொன்றும் சொல்கிறது: செல் எந்த ஓரத்தில் நிற்கும் என்பது அது எங்கிருந்து புறப்பட்டது என்பதைப் பொறுத்தது. 2004-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் பச்சையாக ஒளிரும் புரதத்தைக் கொண்டு இதைச் சோதித்தனர். அதே சூழலில், முன்பு விழித்திருந்த செல்கள் விழித்தேயிருந்தன, உறங்கியவை உறங்கின. பாக்டீரியத்திற்கும் பழைய நினைவு உண்டு போலும்!

நடுப்புள்ளியில் மட்டும் செல் ஏன் தங்குவதில்லை? அதற்குச் சற்று வலப்புறம் எந்தக் கோடு மேலே இருக்கிறது என்று உங்கள் தாளில் பாருங்கள்.