லீவில் ஹாஸ்டலா?

"லீவுன்னா வீட்டுக்குத்தானே வரணும்?" மே மாதம் பிறந்தால் பல வீடுகளில் கேட்கும் கேள்வி இது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் கோடைக்கால ஃபெல்லோஷிப், வெளிக் கல்லூரி மாணவர்களுக்கானது. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு பேராசிரியரிடம் ஆய்வு வேலை, உதவித்தொகையும் உண்டு.

மகளை அனுப்பத் தயங்குகிறீர்களா? கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய, 600 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகம் அது. ஹாஸ்டல்களுக்கு நதிகளின் பெயர்: காவிரி, நர்மதா, சரயு... (சென்னைக் கோடையில் பெயரிலாவது தண்ணீர்!) புள்ளிமான்கள் சாலையோரம் மேயும். ஜன்னலைத் திறந்துவைத்தால் பிஸ்கட் பாக்கெட் குரங்குக்கு.

கஷ்டம் குரங்கால் இல்லை. முதல் வாரம் லேபில் எல்லோரும் ஆங்கிலத்தில் பேச, தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை வாய் திறக்கவே தயங்கும். "கிளம்பி வந்துடவா?" என்று போன் வரலாம். உடனே "வந்துடும்மா" என்று சொல்லிவிடாதீர்கள். கோடை லீவே இல்லாத பி.எச்டி. மாணவர்கள் அங்கே இருப்பார்கள். டீ குடிக்கும் நேரத்தில் அவர்களிடம் சந்தேகம் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு இலக்கணம் தேவையில்லை.

தினமும் "சாப்பிட்டியா?" என்பதோடு, "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்றும் கேளுங்கள். புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் விளக்கட்டும்.

விண்ணப்பம் கோடைக்கு முன்பே முடிந்துவிடும். பொங்கல் கழிந்ததும் இணையதளத்தைப் பார்க்க ஆரம்பியுங்கள்.