திரும்பும் வழி



கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸை எதிர்த்துச் சென்னையின் எஃப்.சி. ஆடுவதைக் காண, நம் கிணத்துக்கடவு சபையின் கல்லூரி வாலிபர் காரில் செல்லத் திட்டமிட்டு, ஜெபிக்கக் கேட்டு வந்தனர். டிக்கெட், மஞ்சள் கூட்டத்தின் நடுவே அணிய நீலச் சட்டை, திருச்சூரில் சாப்பாடு, யாவும் தீர்மானமாகியிருந்தன. ஜெபித்தேன். பிறகு, திரும்புகையில் வண்டி ஓட்டுவது யார் என்றேன்; ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இரவு 7.30க்குத் தொடங்கும் ஆட்டம் முடிய 9.30 ஆகும். 2021இல் திறந்த குதிரான் சுரங்கம் வழியின் நெரிசலைக் குறைத்தது, ஓட்டுபவரின் தூக்கத்தையன்று. களைத்துச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவைத் தேவதூதன் உடனே நடக்கச் சொல்லவில்லை. அப்பம் தந்து, மறுபடியும் உறங்கவிட்டான். உறக்கத்துக்கு ஜெபம் மாற்றன்று என்பதே என் துணிபு. பெற்றோரே, கொச்சியில் ஓரிரவு அறைவாடகையை வீண்செலவென்று தடுக்காதீர்கள். பிள்ளைகள் விடிந்தபின் புறப்படட்டும். ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வந்தாலும் நான் கேட்கமாட்டேன்.