போட்டோ எடிட்டிங்: கம்ப்யூட்டர் திணறினால் எதை மாற்றலாம்?

விசேஷத்தில் எடுத்த படங்களை ஆல்பத்துக்காக எடிட் செய்ய உட்கார்ந்தால், வீட்டு கம்ப்யூட்டர் நின்று நின்று ஓடும். உடனே, 'பழசாகிவிட்டது, புதுசு வாங்கிவிடலாம்' என்ற பேச்சு கிளம்பும். அதற்கு முன், திணறுவது எந்தப் பாகம் என்று பார்த்துவிட்டால் பணம் மிச்சமாகும்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எடிட்டிங் நடக்கும்போதே அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைக் கவனிக்க வேண்டும்.

மெமரி நிரம்பி வழிகிறதா? ரேம் போதவில்லை. 24 மெகாபிக்சல் படம் ஜேபெக் ஃபைலாக 10 எம்.பி. அளவில் இருந்தாலும், திறந்ததும் 72 எம்.பி. ஆக விரியும். ஒரு பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் தேவை என்பதே காரணம். லேயர்கள் சேரச் சேர இது பெருகும். எனவே 16 ஜி.பி. ரேம் இருந்தால் நிம்மதி. டி.டி.ஆர்.3 ஸ்லாட்டில் டி.டி.ஆர்.4 ரேம் பொருந்தாது. சில லேப்டாப்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; மாற்ற முடியாது. வாங்கும் முன் இரண்டையும் விசாரிப்பது நல்லது.

மெமரி காலியாக இருந்தும் டிஸ்க் 100 சதவிகிதம் காட்டுகிறதா? ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போடலாம். சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 150 எம்.பி. வரை படிக்கும், சாட்டா எஸ்.எஸ்.டி. சுமார் 500 எம்.பி. படிக்கும்.

நிறம், வெளிச்சம் திருத்துவதற்கு மட்டும் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு அவசியமில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஐ.பி.எஸ். மானிட்டர் வாங்கலாம். பக்கவாட்டில் பார்த்தாலும் அதில் நிறம் அதிகம் மாறாது. பிரிண்ட் போட்ட பிறகு ஏமாற்றம் குறையும்.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பிராசஸர் என்றால், அதற்கு மேலும் செலவழிப்பதை யோசிக்க வேண்டும்.

எதை மாற்றினாலும், கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எல்லாப் படங்களையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, நாலைந்தைத் திறந்தும் பார்த்துவிட வேண்டும். ரேமை மறுபடி வாங்கலாம். குழந்தையின் முதல் பிறந்த நாள் படத்தை மறுபடி எடுக்க முடியாது.