காதல் கதைகளில் சாதி எங்கே போனது?

பதிப்பகம் கிடைக்காதவர்கள்தான் சொந்தக் காசில் புத்தகம் போடுவார்கள் என்றொரு இளக்காரம் நம் இலக்கிய வட்டாரங்களில் உண்டு. அப்படிப் பார்த்தால் சாதி ஒழிப்பின் அடிப்படை நூலே சொந்தப் பதிப்புதான். லாகூரின் ஜாத் பாத் தோடக் மண்டல், தன் 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்ததும் சில பகுதிகளை மாற்றச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது என்றார் அவர். மாநாடு கைவிடப்பட்டது. பேசப்படாத அந்த உரையை அவர் தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' இரண்டே மாதங்களில் தீர்ந்துபோனது. அதற்கும் முன்பே, 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கியிருந்தார்கள். அடுத்தவர் அனுமதிக்குக் காத்திராமல் தாமே அச்சேற்றியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

இன்று அச்சுக்கூடம்கூட வேண்டாம். அலைபேசியில் தட்டச்சு செய்து கிண்டிலில் ஏற்றலாம். 2014இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதிலிபியில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கதை எழுதலாம். ஐம்பது படிகள் மட்டும் அச்சடித்துத் தரவும் ஆள் இருக்கிறது. இப்படித் திறந்த வாசல் வழியே அதிகம் வருபவை காதல் கதைகளும் குடும்பக் கதைகளும். எழுதுபவர்களிலும் வாசிப்பவர்களிலும் பெண்களே மிகுதி. ரமணிசந்திரனை மாத நாவல்களில் வாசித்த அம்மாக்களின் மகள்கள் இப்போது திரையில் வாசிக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். வீட்டு வேலை முடிந்தபின் கிடைக்கும் நேரத்தில் எழுதி, தன் பெயரில் கொஞ்சம் பணமும் பார்க்கிற பெண்ணைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நானும் இந்தக் கதைகளை விடாமல் வாசிக்கிறவன்.

வாசிப்பதால்தான் கேட்கிறேன்: இந்தக் காதல்களில் சாதி எங்கே போனது?

நாயகன் பெரிய வீட்டுப் பிள்ளை. ஊரில் முதல் மரியாதை அவர்கள் குடும்பத்துக்குத்தான். குலதெய்வத்துக்குக் கொடை நடக்கும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அவன் தாத்தாவை 'ஐயா' என்பார்கள்; அவர்களுக்குக் கதையில் பெயர்கூட இருக்காது. நாயகி சிவந்த நிறம், பெரும்பாலும் அத்தை மகள் அல்லது மாமன் மகள். சாதியின் பெயர் ஒரு வரியிலும் வராது. ஆனால் வீடு, நிலம், கோயில், நிறம், முறை எல்லாம் சேர்ந்து அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். காதலுக்கு வரும் தடைகள் வேறு: பணம், அகந்தை, பழைய பகை, தவறான புரிதல். 'ஆன்டி ஹீரோ' கதை என்றால் அவன் கட்டாயத் தாலி கட்டுவான்; அதுவும் கடைசியில் காதலாகிவிடும்.

வெளியே நிலவரம் என்ன? 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகி, முருகேசன் இருவருக்கும் நஞ்சு புகட்டினார்கள். 2016இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே கௌசல்யாவின் கண்முன் சங்கரை வெட்டினார்கள். இந்த மண்ணில் காதலின் முதல் பகை எது என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். காதலை மட்டுமே பேசும் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்கு அது தெரியாமலா இருக்கும்?

பணம் வரும் வழியையும் பார்க்க வேண்டும். கிண்டில் அன்லிமிடெடில் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டுத்தான் எழுத்தாளருக்குப் பணம். வாசகர் நடுவில் நிறுத்தினால் வருமானமும் நின்றுவிடும். அதனால் ஓடிய கதையையே திரும்ப எழுதுவது பாதுகாப்பு. முகம் சுளிக்க வைக்கும் எதையும் தொடாமல் இருப்பது அதைவிடப் பாதுகாப்பு. பதிப்பாசிரியர் போன இடத்தில் இந்தப் பக்கக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாதி தெரியாது. ஆனால் சாதிச் சமூகம் எதை விரும்பிப் படித்ததோ அதையே இன்னும் கொண்டுவா என்று கேட்கத் தெரியும்.

"பொழுதுபோக்குக்குப் படிப்பதில் அரசியலைத் திணிக்காதீர்கள்" என்பார்கள். சாதி ஒரு மனநிலை என்றார் அம்பேத்கர். அதை ஒழிக்கும் உண்மையான மருந்து கலப்பு மணம் என்றார். மக்கள் ஏன் அப்படி மணப்பதில்லை என்று கேட்டு, சாஸ்திரங்களின் புனிதத்தில் அவர்கள் வைத்த நம்பிக்கையைக் காரணமாகச் சுட்டினார். யாரை யார் காதலிக்கலாம், எந்த வீடு நல்ல வீடு, எந்தத் திருமணம் மங்களமானது என்று இன்று இளம் மனங்களுக்குத் தினமும் சொல்லித் தருவது எது? சாஸ்திரத்தைப் புரட்டாதவர்களும் தொடர்கதையைப் புரட்டுகிறார்கள்.

"சாதியை எழுதினால் மக்கள் படிக்க மாட்டார்கள்" என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. முத்துப்பட்டன் கதையில் பார்ப்பனன் சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணக்கிறான். ஆரியமாலாவை விரும்பிய காத்தவராயன் கழுவேறுகிறான். பொம்மியைக் கொண்டுபோன மதுரை வீரனை வில்லுப்பாட்டும் கூத்தும் பாடின. பெரிய எழுத்துப் புத்தகங்களாக இத்தகைய கதைகள் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றன. சாதி மீறிய காதலைக் கண்ணீரோடு கேட்டது நம் மக்கள்தான். அந்தக் கதைகளுக்கும் சமாதானங்கள் உண்டு. காத்தவராயனையும் மதுரை வீரனையும் பிறப்பால் உயர்ந்தவர்களாக மாற்றிச் சொன்ன வடிவங்கள் உண்டு. ஆனாலும் சாதியை அவை மறைக்கவில்லை.

நம் தரப்பில் கவிதை இருக்கிறது, தன்வரலாறு இருக்கிறது, கட்டுரை ஏராளம். காதல் நாவல், துப்பறியும் நாவல், பேய்க்கதை ஆகியவற்றைப் பெரும்பாலும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டோம். 2015இல் கோகுல்ராஜின் உடலைத் தண்டவாளத்தில் போட்டுத் தற்கொலை என்று காட்ட முயன்றார்கள். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு முக்கியச் சாட்சியமானது. 2022இல் தண்டனை வந்தது. தமிழ்நாட்டின் குற்றக் கதை இப்படித்தான் இருக்கிறது. நம் துப்பறிவாளர்களோ இன்னும் வைரக் கடத்தலைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதத் தெரிந்த தோழர்கள் இந்த வகைமைகளுக்குள் இறங்க வேண்டும். பிரச்சாரத் துண்டறிக்கையாக வேண்டாம். அடுத்த அத்தியாயம் எப்போது என்று கேட்க வைக்கும் கதையாக எழுதுங்கள். சேரிப் பெண் நாயகியாகட்டும், கருப்பாக இருக்கட்டும், சிரிக்கட்டும், காதலில் வெல்லட்டும். எழுதாதவர்கள் அப்படிப்பட்ட கதையைத் தேடி, கடைசிப் பக்கம் வரை படித்து, நாலு வரி விமர்சனம் போடுங்கள். பக்கத்தை எண்ணுகிற இயந்திரத்திடம் நம் பக்கங்களும் கணக்கில் ஏறட்டும்.