கணக்கும் காதும்

சில மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு கச்சேரி. தோடியை விஸ்தாரமாகப் பாடி, கீர்த்தனை முடிந்து, தனி ஆவர்த்தனம். மிருதங்கக்காரர் இளைஞர். கண்ட நடை, மிச்ர நடை, அதற்குள் இன்னொரு நடை. கடைசிக் கோர்வை சமத்தில் விழுந்ததும் மண்டபம் கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர் தட்டவில்லை. சோழவந்தான் பக்கம் நாயனம் வாசித்து ஓய்ந்தவர். "பாட்டு எங்கே போச்சுங்க தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்டது தனி ஆவர்த்தனத்தைப் பற்றி அல்ல. அதற்கு முந்தியதைப் பற்றி. சரணத்தில் பாடகர் ஒரு சொல்லை மெலிதாக நிறுத்திய இடத்திலெல்லாம் இளைஞர் ஒரு மோராவை வைத்துப் பூட்டிவிட்டார். அவருக்கு அது காலி இடம். பாட்டு அங்கேதான் இருந்தது.

நம்மிடையே ஒரு மயக்கம் பரவியிருக்கிறது: கஷ்டமானதெல்லாம் கலை என்று. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம் 32 மாத்திரை. 'ததிகிணதொம்' மூன்று முறை 15. மீதி 17ஐ முன்னால் நிரப்பினால் சமத்தில் வந்து நிற்கும். அடிப்படையில் இது கழித்தல் கணக்கு. கழித்தலைச் சிக்கலாக்கி, வேகத்தைக் கூட்டினால் வித்வத் என்கிறோம். விமர்சகர்களோ எத்தனை நடை வாசித்தார் என்று எண்ணி எழுதுகிறார்கள். இன்று கைபேசியில் அரை நிமிஷக் கோர்வைகள் சுற்றுகின்றன. அவற்றில் பாட்டு இல்லை. இல்லாததை யாரும் கவனிப்பதும் இல்லை.

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குத் தெரியாதவன் அடக்கம் பேசுவதில் அர்த்தமில்லை. பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) புதுக்கோட்டைப் பரம்பரைக் கணக்கில் ஊறியவர். ஆனால் இன்றும் ரசிகர்கள் பேசுவது அவர் தொப்பியில் எழுப்பிய கும்கியை, தங்குதடையில்லாத சர்வலகுவை. பாலக்காடு மணி அய்யரின் (1912–1981) கீர்த்தி தனி ஆவர்த்தனத்தோடு நின்றதல்ல. கீர்த்தனைக்கு வாசித்த வாசிப்பிலும் இருக்கிறது. இந்த ஊர்ப் பெயரைச் சுமந்த மதுரை மணி அய்யர் (1912–1968) கல்பனாஸ்வரத்தைச் சர்வலகுவில் ஓடவிட்டே ஜனங்களைக் கட்டிப்போட்டார். தாளம் அவரிடம் பரீட்சைத் தாளாக இல்லை, நடையாக இருந்தது.

மேற்கிலும் இந்த நோய் உண்டு. ஐந்தும் ஏழுமாக எண்ணி வாசித்த 1970களின் முற்போக்கு ராக் அதற்குப் பேர்போனது. அங்கேயே ஒரு மாற்றுச் சாட்சியும் உண்டு. 1973 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் மேடையில் கிங் கிரிம்ஸன் குழு முன்தயாரிப்பின்றி ஒன்றை வாசித்தது. டிரம்மர் பில் புரூஃபோர்ட் குச்சிகளை மார்பின் குறுக்கே பிடித்தபடி, ஓர் அடிகூட அடிக்காமல் உட்கார்ந்திருந்தார். 1974இல் 'ட்ரையோ' என்ற பெயரில் அது இசைத்தட்டில் வந்தபோது, அதை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரையும் போட்டார்கள். வாசிக்காததை வாசிப்பாக அங்கீகரித்தார்கள். நம் சபைகளில் இதைச் செய்தால் சன்மானத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். வாடிப்பட்டி மேளக்காரர்கள் ஊர்வலத்தில் ஆடுகிறவன் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதை, அவன் களைத்தால் தணிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் உடம்பைக் கேட்கிற காது அது. சபையில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

யாப்புத் தெரிந்தவனெல்லாம் கவிஞனல்ல என்று இந்தப் பக்கங்களில் சண்டை போட்டவர்கள் நாம். வெண்பாவின் தளை தட்டாததைக் கவிதை என்று ஒப்ப மறுத்த நாமே, கோர்வை தட்டாததற்குக் கை தட்டுகிறோம். அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நாங்கள் எதற்குத் தட்டினோமோ அதைத்தான் அவர் வாசித்தார். அடுத்த கச்சேரியில், சரணத்தின் நடுவே அவர் கை ஒருமுறை சும்மா இருந்தால், அதைக் கவனிக்க எனக்குக் காது இருக்குமா என்பதுதான் என் கவலை.