டி.வி. விழுங்கிய திருடன்! கடைக்காரர்களே உஷார்!

புரசைவாக்கத்தில் ஒரு மளிகைக் கடை. கல்லாவுக்கு எதிரே டி.வி. அதில் கேமரா படம் ஓடுகிறது. போன வாரம் பட்டப்பகலில் வாசலோரம் இருந்த எண்ணெய் டின் "அபேஸ்"! முதலாளி டி.வி.யைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார். ஆசாமி தெரியவில்லை!

பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டால், ஓரத்தில் ஜம்மென்று நிற்கிறான்! படத்தின் நாலு ஓரத்தையும் டி.வி. வெட்டியிருக்கிறது.

அந்தக் காலத்துக் குழாய் டி.வி.யில் படத்தின் ஓரம் ஒழுங்காக விழாது. அதை மறைக்க, படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குள் தள்ளினார்கள். குழாய் போச்சு, பழக்கம் போகவில்லை. தட்டை டி.வி.யிலும் பலதில் இதே கதைதான்.

மெக்கானிக்கிடம் பணம் அழ வேண்டாம். ரிமோட்டில் "செட்டிங்ஸ்" அழுத்தி, "பிக்சர் சைஸ்" அல்லது "ஆஸ்பெக்ட் ரேஷியோ"வுக்குப் போங்க. "ஜஸ்ட் ஸ்கேன்", "ஸ்கிரீன் ஃபிட்", "ஃபுல் பிக்சல்" என்று கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கும். அதை வைத்தால் முழுப் படமும் வரும். "ஜூம்" மட்டும் வேண்டாம். அது இன்னும் வெட்டும்!

முழு டி.வி.க்குக் காசு வாங்குகிறவர்கள், முழுப் படம் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்தால் என்ன? அவர்கள் செய்கிற வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ரிமோட்டை எடுங்க. ஓரத்தில் யார் நிற்கிறான் என்று பாருங்க!