கிளி வாங்கும் முன் சற்றுச் சிந்திப்போம்

சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமை. பொகவந்தலாவை நகரில் திருப்பலி முடிந்து வந்த பிள்ளைகள் ஒரு அட்டைப் பெட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். பெட்டிக்குள் இறகு சரியாக முளைக்காத மூன்று கிளிக் குஞ்சுகள். "கொஞ்ச நாளில் நல்லாப் பேசும்" என்றார் விற்க வந்தவர். ஒரு சிறுவன் தாயின் சேலையைப் பிடித்து இழுத்தான். தாய் விலையைக் கேட்டார். குஞ்சுகள் எங்கிருந்து வந்தன என்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று கேட்கத் தவறியதை இன்று கேட்க விரும்புகிறேன்.

எமது நாட்டுக் காடுகளில் ஐந்து வகைக் கிளிகள் வாழ்கின்றன. அவற்றுள் இரண்டு உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. ஒன்று, சாம்பல் தலையும் பச்சைக் கழுத்து வளையமும் கொண்டது. மற்றது, வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கி உறங்கும் சிறு கிளி. பேச்சுக்குப் பேர்போனது தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி. ஆகவே அதன் குஞ்சுகளுக்கே கிராக்கி அதிகம். உலக அளவில் அந்த இனம் அழிவு அபாயத்தை நெருங்கிக் கொண்டிருப்பதாக வகைப்படுத்தப்பட்டுள்ளது.

கிளி கூடு கட்டுவதில்லை. முதிர்ந்த மரத்தின் பொந்தில் முட்டையிடுகிறது. குஞ்சு திருடுபவர் பொந்தை வெட்டிப் பெரிதாக்குகிறார், அல்லது மரத்தையே சாய்க்கிறார். குஞ்சுகள் போவதோடு, அடுத்த வருடம் தாய்க்கிளி தங்க இடமும் போய்விடுகிறது. எடுத்த குஞ்சுகளில் பல, பசியாலும் குளிராலும் தவறான தீனியாலும் சந்தைக்கு வருமுன்னரே சாகின்றன. பெட்டியில் நாம் காண்பவை பிழைத்தவை மட்டுமே.

மரம் ஏறியவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவரும் பெரும்பாலும் வேலையற்ற ஓர் இளைஞர்தான். வாங்க ஆளிருப்பதால் அவர் ஏறுகிறார். எனவே பொறுப்பில் பாதி எங்களுடையது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1993இலும் 2009இலும் அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும், இந்தப் பெரிய கிளியையும் எமது நாட்டுக்கே உரிய இரு இனங்களையும் பாதுகாக்கின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, அனுமதியின்றி வைத்திருப்பதும் குற்றமாகும். இந்தியாவிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சென்னையில் 2023இல் வீட்டில் இரண்டு கிளிகளை வைத்திருந்த ஒரு நகைச்சுவை நடிகருக்கு இரண்டரை இலட்சம் இந்திய ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. நடிகர் கட்டிவிடுவார். கொழுந்து பறிப்பவர் என்ன செய்வார்?

"பாட்டன் காலத்திலிருந்து வளர்த்ததுதானே, கிளி தெய்வத்தின் கையிலேயே இருக்கிறதே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். மதுரை மீனாட்சியின் கையில் கிளி இருக்கிறது. ஆனால் அங்கே கூண்டு இல்லை.

அடுத்தது காலக் கணக்கு. நன்றாகப் பராமரித்தால் கிளி இருபத்தைந்து, முப்பது வருடம் வாழக்கூடியது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளை குடும்பஸ்தனாகும்போதும் அது கூண்டில் இருக்கும். பிள்ளை கொழும்புக்கு வேலைக்குப் போனபின் யார் பார்ப்பது? தாய் காலையில் மலைக்குப் போனால் திரும்பப் பின்னேரமாகிறது. கிளியோ கூட்டமாக வாழும் பறவை. நாள் முழுவதும் தனியே அடைபட்டால் கத்தும், கடிக்கும், தன் இறகைத் தானே பிடுங்கி எறியும். ஒரே சுவருக்கு இருபுறமும் குடும்பங்கள் வாழும் லயத்தில் அந்தக் கத்தல் அயலவர் சண்டையிலும் முடியலாம்.

பொகவந்தலாவை நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட குளிர்ப் பிரதேசம். மார்கழி, தை இரவுகளில் இஸ்தோப்பில் தொங்கும் கூண்டில் குஞ்சு தாங்காது. உள்ளே எடுத்தால் விறகடுப்புப் புகை. பறவையின் நுரையீரல் புகைக்கு மிகவும் மென்மையானது. அன்பின் மிகுதியால் பாலில் நனைத்த பாணைக் கொடுக்கிறோம். பாலைச் செரிக்கும் சக்தி பறவைக்கு இல்லை. எங்கள் தோட்டப்புறங்களில் தாராளமாகக் காய்க்கும் வெண்ணெய்ப் பழம், அதாவது அவகாடோ, கிளிக்கு நஞ்சு.

எங்கள் உடல்நலத்தையும் எண்ண வேண்டும். நோயுற்ற கிளியின் உலர்ந்த எச்சத் தூசியைச் சுவாசிப்பதால் மனிதருக்குக் கிளிக் காய்ச்சல் தொற்றலாம். அது நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். 1929-30இல் பல நாடுகளில் இந்நோய் பரவிப் பலர் இறந்தனர். காற்றோட்டம் குறைந்த காம்பராவில் கைக்குழந்தையும் முதியவரும் உறங்கும் இடத்துக்கு அருகே கூண்டை வைப்பது உகந்ததல்ல.

பறவை வளர்க்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. கூண்டிலேயே பல தலைமுறையாகப் பெருகிய, "லவ் பேர்ட்ஸ்" என்று நாம் அழைக்கும் சிறு ஆஸ்திரேலியக் கிளிகளைச் சோடியாக வளர்க்கலாம். அவற்றுக்கும் தினமும் தீனி, தண்ணீர், துப்புரவு, குளிருக்கு மறைப்பு வேண்டும். இவற்றைச் செய்யப்போவது யார் என்பதை வாங்குமுன் வீட்டில் பேசித் தீருங்கள். நாலு நாட்டுக் கோழி வளர்த்தால் பிள்ளைக்குப் பொறுப்பும் வரும், முட்டையும் வரும்.

ஏற்கெனவே கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் கூண்டைத் திறந்து விட்டுவிட வேண்டாம். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. இறகு வெட்டப்பட்டிருந்தால் பூனைக்கே இரையாகும். வனசீவராசிகள் திணைக்களத்தை 1992 என்ற இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். தனியே பேசத் தயங்குவோர் பங்குத் தந்தையையோ பாடசாலை ஆசிரியரையோ துணைக்கு அழைக்கலாம்.

2023இல் மலையகம் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் நாம். சொந்த இடமில்லாமல், நினைத்த திசைக்குப் போக முடியாமல் இருப்பதன் வலியை எவரும் எமக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. காசுக்கு விற்கப்படும் சிட்டுக்குருவியையும் இறைவன் மறப்பதில்லை என்று போதித்த இயேசுவைப் பின்பற்றுவோர், காசுக்கு விற்கப்படும் கிளியை மறக்கலாமா?

லயத்தின் ஓரத்தில் ஒரு கொய்யா மரத்தை நடுவோம். கிளி தானாக வரும், தானாகப் போகும். பிள்ளைகள் அதைப் பார்த்து மகிழட்டும். அடுத்த சம்பள ஞாயிறு அந்தப் பெட்டி மீண்டும் வந்தால், விலையைக் கேட்குமுன் ஒன்றைக் கேட்போம்: "இது எந்த மரத்துக் குஞ்சு?"